காரணம் பிடிபடாத நெஞ்சுத் துடிப்பு

நூல் ஒதுக்கீடு, பாவுக் கணக்கு, பயிர்க்கடன் தவணை, பங்குத்தொகை ஆகியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் எழுதிப் பழகிய கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவன், இருதயத்தைப் பற்றி எழுத முற்படுவது அங்கத்தினர்களுக்கு வியப்பை அளிக்கலாம். நான் வைத்தியன் அல்லன். வணிகவியல் படித்துப் பட்டம் பெற்றவன். ஆயினும் 27ஆவது வயதிலிருந்து ஏழு ஆண்டுகளாக, இன்ன காரணத்தால் வருகிறது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாத நெஞ்சுத் துடிப்பு ஒன்றுடன் வாழ்ந்து வருகிறேன். சங்கங்களின் பதிவேடுகளைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில் இதே தொல்லையுடைய இளைஞர்களையும் யுவதிகளையும் கண்டிருக்கிறேன். அவர்களிற் பலர் வீட்டாரிடம்கூட இதைச் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள் என்று அஞ்சுகிறார்கள்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். மாரடைப்பு என்பது வேறு. இருதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது அது. நடுவயதிலும் அதற்குப் பின்னும் மிகுதியாக வருவது. இங்கே நான் சொல்வது, இருபதிலும் முப்பதிலும் இருக்கிற ஒருவருக்கு, உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு திடீரென்று ஓட்டம் பிடிப்பதும், ஓர் அடி தவறி அடுத்த அடி ஓங்கி விழுவதும், தலை லேசாவதும், சற்று நேரத்தில் ஒன்றுமே நடவாதது போல் அடங்கி விடுவதும் ஆகும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடும். அங்கே எடுக்கும் படம் சுத்தமாக இருக்கும். “ஒன்றுமில்லை” என்ற சொல்லுடன் திரும்ப வேண்டியதுதான்.

அந்த “ஒன்றுமில்லை” என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

ஓய்வாக இருக்கும்போது மனித இருதயம் நிமிஷத்திற்கு 60 முதல் 100 தடவை துடிக்கிறது. 70 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. இத்தனை துடிப்புக்கும் தாளம் கொடுப்பது இருதயத்தின் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசுக்கட்டு. இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1906ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கிராமம் ஒன்றில், மார்ட்டின் பிளாக் என்ற மருத்துவ மாணவர், மண்ணைக் குடைந்து வாழும் அகழெலியின் இருதயத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அது கண்ணிற்பட்டது. அவரும் அவருடைய ஆசிரியர் ஆர்தர் கீத்தும் 1907இல் அதை வெளியிட்டனர். அந்த இடத்திலிருந்து புறப்படும் மின்விசை மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஒரே மதகின் வழியாகக் கீழறைகளுக்கு இறங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த மதகுக்கு அருகிலோ, அதற்கு அப்பாலோ இன்னொரு சிறு வழி அமைந்து விடுகிறது. நம் விவசாய அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதகின் வழியே இறங்கிய நீர் கரையிலுள்ள துளை வழியே மேலேறி மீண்டும் மதகுக்கே வந்தால் என்னவாகும்? சுற்றிக்கொண்டே இருக்கும். மின்விசை அப்படிச் சுற்றத் தொடங்கினால் துடிப்பு 150, 200 என்று ஏறுகிறது. சுற்று அறுபட்டதும் சட்டென்று நிற்கிறது.

ஓர் அடி தவறுவது போன்ற உணர்ச்சி இதனினும் எளியது. ஒரு துடிப்பு தன் முறைக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது. அதன் பின்னர்ச் சற்று இடைவெளி. அந்த இடைவெளியில் இருதயத்தில் இரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த அடி ஓங்கி விழுகிறது. தவறியதாக நாம் எண்ணுவது உண்மையில் முந்தியது. நல்ல இருதயம் உடையவர்களுக்கும் இது உண்டு, பெரும்பாலும் தீங்கற்றது.

இவற்றையெல்லாம் காகிதத்தில் பதிக்கும் கருவியை ஹாலந்து நாட்டு விஞ்ஞானி வில்லெம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தார். 1924இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்று ஈ.சி.ஜி. என்று எல்லாரும் சொல்வது அதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் ஈ.சி.ஜி. பதிப்பது சுமார் 10 விநாடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள் உள்ளன. நான் ஒரு சங்கத்திற்குச் சென்று காலை பத்து மணிக்கு ரொக்க இருப்பைச் சரிபார்த்து “இருப்பு சரி” என்று கையொப்பமிட்டால், அது அந்த வேளையின் இருப்பைப் பற்றிய சான்று. அந்த ஆண்டு முழுவதும் பெட்டி எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாகாது. துடிப்பு அடங்கிய பின் எடுத்த ஈ.சி.ஜி.யும் அவ்வாறே. அதிலும் பயனில்லாமற் போகாது; பிறவி வழி சிலருக்கு ஓய்வுப் படத்திலேயே தெரிந்துவிடும். 1930இல் ஊல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூன்று வைத்தியர்கள் அவ்வாறு படத்தில் மாறுபாடு தெரிந்த 11 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் வேறு குறையற்ற, ஆரோக்கியமான இளைஞர்கள். அவ்வப்போது நெஞ்சு ஓட்டம் பிடிக்கும் என்பதே அவர்களுடைய குறை. 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், இத்தகைய தொல்லையுடைய ஒரு மீனவருக்கு அந்த உபரி வழியை அறுவை செய்து துண்டித்தார்கள். இன்று நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. தொடை இடுக்கிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய கம்பி செலுத்தி, அந்த இடத்தை மட்டும் சுட்டு விடுகிறார்கள்.

இது ஏட்டில் மட்டும் உள்ள விஷயமன்று. மேற்கு மாவட்டச் சங்கம் ஒன்றில் குழித்தறி நெய்யும் பெண் அங்கத்தினர் ஒருவர். அப்போது வயது 24. கீழே விழுந்த நாடாவை எடுக்கக் குனிந்தாலே சில நாட்களில் நெஞ்சு ஓடத் தொடங்கும். கழுத்து நரம்பு தவளைத் தொண்டை போல் துடிக்கும். இருபது நிமிஷத்தில் நிற்கும். வீட்டார் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினர். ஒரு வைத்தியர் நரம்புத் தளர்ச்சி என்று தூக்க மாத்திரை கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஒரு நாள் கூலிப் பட்டுவாடாவின்போது சங்க அலுவலகத்திலேயே தொல்லை தொடங்கியது. காரியதரிசி நல்ல மனிதர். சோடா வாங்கி வர ஆள் அனுப்பி நேரத்தைப் போக்காமல், பின்னால் ஒரு பெண்ணைத் துணைக்கு ஏற்றி, தம் வண்டியிலேயே அரை மைல் தொலைவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தார். நர்ஸ் உடனே ஈ.சி.ஜி. எடுத்தார். நிமிஷத்திற்கு 190. ஐந்து ஆண்டுகளாக யாருக்கும் புலப்படாத விஷயம் அந்த ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கம்பி செலுத்திச் சிகிச்சை நடந்தது. காப்பீட்டு அட்டை உதவியது. இப்போது அவர் பாவு தவறாமல் வாங்கி நெய்கிறார்.

இவ்வாறு “பயம்” என்று பெயர் சூட்டப்பட்டவர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுற்று மின்விசையால் துடிப்பு ஏறும் நோய் உறுதியான 107 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் நூற்றுக்கு 67 பேருடைய அறிகுறிகள் திடீர்ப் பீதி நோய்க்கான இலக்கணத்துடன் அப்படியே பொருந்தின. பயம் நெஞ்சை ஓட வைக்கிறது. நெஞ்சு ஓடினால் பயம் வருகிறது. எது முன், எது பின் என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் சொல்லிவிட முடியாது. அதற்காகப் பயத்தால் வரும் துடிப்பு பொய் என்றும் கொள்ளலாகாது. அதுவும் துடிப்புத்தான், அதற்கும் சிகிச்சை உண்டு, மனநல வைத்தியரிடம் செல்வதில் மானக்குறைவு ஏதுமில்லை.

பெயர் சூட்டும் வழக்கம் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட இளம் சிப்பாய்கள் பலருக்கு நெஞ்சுத் துடிப்பும், இளைப்பும், மார்வலியும் இருந்தன. இருதயத்திலோ குறையொன்றும் தென்படவில்லை. ஜேக்கப் டா காஸ்டா என்ற வைத்தியர் 1871இல் “எரிச்சலுற்ற இருதயம்” என்று இதைக் குறித்தார். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு இதே குறை. பிரிட்டிஷ் வைத்தியர் தாமஸ் லூயிஸ் 1918இல் “சிப்பாய் இருதயம்” என்ற பெயருடன் நூலே எழுதினார். காரணம் அவருக்கும் முழுமையாகப் புலப்படவில்லை. ஆனால் படுக்கையில் கிடத்திவைப்பதற்குப் பதிலாக, படிப்படியாக உடற்பயிற்சி கொடுத்து ஒவ்வொருவருடைய சக்தியையும் அளந்து, பலரை மீண்டும் வேலைக்கு அனுப்பினார். காரணம் தெரியாவிட்டாலும் செய்யத்தக்கது உண்டு என்பதற்கு இது நல்ல முன்மாதிரி என்று கருதுகிறேன்.

ஆனால் காரணம் தெரியாது என்று சொல்வதற்கு முன் தெரிந்த காரணங்களையெல்லாம் பார்த்தாக வேண்டும். நம் அங்கத்தினர் குடும்பங்களில் முதலில் நிற்பது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தத்தில் சத்துக் குறைந்தால் இருதயம் வேகமாக ஓடித்தான் ஈடுசெய்ய வேண்டும். அடுத்தது, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வது. இரண்டுக்கும் ஒரு குழாய் இரத்தம் போதும். சிறு வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும் வந்தவர்களுக்கு வாதக் காய்ச்சலால் இருதய வால்வு கெட்டிருக்கலாம். இதை அலைப்படமான எக்கோ காட்டிவிடும். ஆஸ்துமா மருந்துகள் சிலவும், இரவெல்லாம் குடிக்கும் தேநீரும், புகையிலையும் நெஞ்சை விரட்டுபவை. வெற்றிலைப் பாக்கையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது. தறிக்குழியில் அமர்ந்து நாளெல்லாம் மெல்லும் பெரியவர்கள் என்மேல் வருத்தப்பட வேண்டாம்.

பூச்சிமருந்து தெளித்த அன்று வியர்வை பெருகி, வாயில் நீர் ஊறி, கண் மங்கி, நெஞ்சும் ஒரு மாதிரியானால் அது காரணம் தெரியாத நோயன்று, நஞ்சு. உடுப்பைக் களைந்து, சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியுடன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இளம் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இன்னொன்று: படுத்திருந்து எழுந்து நின்ற 10 நிமிஷத்திற்குள், இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே, துடிப்பு மட்டும் 30க்கு மேல் ஏறுவது, 19 வயது வரையுள்ளவர்க்கு 40. விஷக்காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு இது தொடங்குகிறது. கொரோனா காலத்திற்குப் பின் உலகெங்கும் மிகுதியாகப் பேசப்பட்டது. இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் நாடியை எண்ணினாலே ஐயம் எழும். வைத்தியர் உப்பும் நீரும் கூட்டச் சொல்வார். பிறருக்கு உப்பைக் குறை என்பவர்களே இவர்களுக்குக் கூட்டு என்பதால், தாமாகச் செய்து கொள்ளலாகாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. ஓடும்போதோ, மூட்டை தூக்கும்போதோ மயங்கி விழுதல். துடிப்புடன் நினைவு தப்புதல். வேலை செய்யும்போது மார்வலி. படுத்தால் மூச்சு முட்டல். குடும்பத்தில் எவரேனும் 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருத்தல். இவற்றுள் ஒன்று இருந்தாலும் இருதய நிபுணரைப் பார்த்தே தீர வேண்டும். துடிப்புடன் நினைவு தப்பினாலோ, மார்வலி நீடித்தாலோ 108க்குச் சொல்ல வேண்டும். இருதயத் தசை தடித்துப் போகும் பரம்பரை நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு உண்டு. அது பல ஆண்டுகள் வெளியில் தெரியாமலே இருக்கக்கூடும்.

என் விஷயத்தில் இவையெல்லாம் பார்க்கப்பட்டன. இரத்தம் சரி, தைராய்டு சரி, எக்கோ சரி. ஹோல்டர் என்னும் கருவியை 24 மணி நேரமும், பின்னொரு முறை ஏழு நாட்களும் உடலில் கட்டியிருந்தேன். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் முதன்முதல் அமைத்த கருவி, முதுகில் சுமக்கும் சுமார் 38 கிலோ மூட்டை. இன்று சட்டைப் பையில் அடங்கி விடுகிறது. முந்தி வரும் துடிப்புகள் சில அதில் பதிந்தன. நான் எதிர்பார்த்த பெரிய ஓட்டம் அந்த எட்டு நாட்களிலும் வரவில்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்த நான்காம் நாள், பேருந்தில் வந்தது.

தொடக்க நாட்களில் நான் சென்ற ஓர் ஆஸ்பத்திரியில், “இந்த வயதில் என்ன இருதயம்? பையனுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள்” என்று என் தாயாரிடம் சொல்லியனுப்பினார்கள். கல்யாணம் செய்வதற்கே இது தடையாக இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. பெண் வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்பது தாயாரின் எண்ணம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என்னுடையது. நிலுவையுள்ள சங்கத்தை நிலுவையற்றது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. இரண்டு சம்பந்தங்கள் நின்று போயின. மூன்றாமவர் மஞ்சள் பயிரிடும் விவசாயி. வைத்தியர் கொடுத்த காகிதங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை தினமும் வேலைக்குப் போகிறாரா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். போகிறேன் என்றேன். இன்று என் நாடியை எண்ணுபவர் அவருடைய மகள். என்னைவிடச் சரியாக எண்ணுகிறார்.

வேலைக்குப் போவது என்பது அவ்வளவு எளிதாகவும் இருக்கவில்லை. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது, அது வருவதைவிடக் கொடிது. இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் நெஞ்சின் ஒலி காதில் விழும், எண்ணத் தொடங்கிவிடுவேன். ஓராண்டு மாடிப்படி ஏறவே அஞ்சினேன். இருதய நிபுணர் ஒருவர் என்னை ஓடுபொறியில் ஓடவிட்டு, நிமிஷத்திற்கு 170 வரை ஏற்றி, படத்தைக் காட்டி, “இந்த வேகத்தையும் தாங்குகிறது, பாருங்கள்” என்றார். மருந்து எதனினும் அந்த அரை மணி நேரம் எனக்கு நன்மை செய்தது. இப்போது நாள்தோறும் மூன்று மைல் நடக்கிறேன்.

துடிப்பு ஓடும்போது செய்ய வேண்டியதையும் அவரே கற்பித்தார். சாய்ந்தமர்ந்து, பத்து மில்லி ஊசிக்குழலின் முனையை வாயில் வைத்து, அதன் தண்டு நகருமளவு 15 விநாடி ஊத வேண்டும்; உடனே மல்லாந்து படுக்க, மற்றொருவர் இரு கால்களையும் 15 விநாடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான ஆராய்ச்சியில், சுற்று மின்விசைத் துடிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 43 பேருக்கு இம்முறையால் துடிப்பு நின்றது. வெறுமனே ஊதியவர்களில் 17 பேருக்கே நின்றது. வைத்தியர் ஒரு முறை பார்த்துச் சம்மதித்த பின்னரே இதைச் செய்யலாம். கண்விழியை அழுத்தும் பழைய வழக்கம் அபாயமானது. அதை விட்டுவிட வேண்டும்.

நான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். சென்ற 14 மாதங்களில் அதில் 31 பதிவுகள். ஐந்து மணிக்குக் குறைவாகத் தூங்கிய இரவுகளை அடுத்து வந்தவை 12. இவற்றிற் பெரும்பாலானவை மார்ச் மாத ஆண்டு முடிவுக் கணக்கை ஒட்டியவை. வயிறு நிறைய உண்ட பின் வந்தவை 6. மீதி 13க்கு எந்தத் தொடர்பும் புலப்படவில்லை. அந்தப் பதின்மூன்றையும் அனாமத்தில் வைத்திருக்கிறேன். இன்ன தலைப்பில் சேரும் என்று தெரியாத தொகையை நம் சங்கங்களில் என்ன செய்கிறோம்? தள்ளுபடி செய்வதுமில்லை, மறைப்பதுமில்லை. அனாமத்துக் கணக்கில் எழுதி, ஆண்டுதோறும் முன்கொணர்ந்து, விவரம் கிடைத்ததும் உரிய தலைப்புக்கு மாற்றுகிறோம். தோலுக்கடியில் வைத்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து பதிக்கும் சிறு கருவியும் உண்டு. நினைவு தப்புதல் ஒருமுறையும் ஏற்படாததால், எனக்கு இப்போது அது வேண்டாம் என்பது வைத்தியரின் அபிப்பிராயம். ஆறு மாதத்திற்கு ஒரு முறை பதிவேட்டுடன் அவரைப் பார்க்கிறேன்.

இதே குறையுள்ள அங்கத்தினர்கள் பழைய ரொக்கப் புத்தகம் ஒன்றிலேயே கோடு போட்டுக் கொள்ளலாம். தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி. தொடங்கியது சட்டென்றா, மெல்ல மெல்லவா. ஒரு முழு நிமிஷத்தில் எத்தனை துடிப்பு. தாளம் ஒழுங்கா, ஒழுங்கற்றதா. அப்போது செய்துகொண்டிருந்த வேலை. முந்தின இரவின் தூக்கம். உணவு, தேநீர், பாக்கு. பெண்களுக்கு மாதவிலக்கு நாள். மயக்கம் உண்டா, இல்லையா. இவை போதும். 2020, 2021 ஆண்டுகளில் பலர் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வீட்டில் சும்மா கிடந்தால், அதுவும் துடிப்பின் எண்ணிக்கையைக் காட்டும். ஆனால் தாளத்தின் வகையை அது காட்டாது, அதற்கு ஈ.சி.ஜி.யே வேண்டும். ஆகவே சங்கக் காரியதரிசிகள், பக்கத்தில் எந்த நிலையத்தில் எந்த நேரத்தில் ஈ.சி.ஜி. எடுப்பார்கள் என்பதை விசாரித்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் நலம். இரவில் திறந்திருக்கும் இடம் எது என்பதையும் சேர்த்து எழுதவும்.